அயர்லாந்துப் பப்பில் ஒரு சிவப்பு லெமனேட்!



தலைப்பைப் பார்த்ததுமே கடைசி பெஞ்ச் விசில் அடிப்பது எனக்கு இங்கே வரைக்கும் கேட்கிறது. "லேய், இவனா? ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட் வாசனைக்கே மூக்கைப் பொத்துறவன், பப்புக்குப் போனானா?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

மலர்க்குழு நண்பர்கள், "வெளிநாடு போய் வந்தவன் நம்ம செட்டில் நீ ஒருத்தன்தான், பயனுள்ளதா ஒரு கட்டுரை கொடுடா" என்றார்கள். அயர்லாந்தின் காற்றாலைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த 25 நாளில் நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டதில் பாதி பப்புகளில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். சரி, உள்ளதையே எழுதிவிடுவோம் என்று துணிந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று. நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. காரணம் என் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா நல்ல வெல்டர். அவர் போட்ட வெல்டில் கசடு தட்டினால் மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கும் என்பார்கள். சனிக்கிழமை கூலி வாங்கினால் தெருமுனைக் கடையைத் தாண்டி வீட்டுக்கு வர அவரால் முடியாது. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அம்மா என் கையைப் பிடித்து, "அந்த மாதிரிக் கடைப் படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

அக்கா நர்ஸ். கால்வே நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஐந்தாவது செமஸ்டர் முடிந்து, தள்ளிப்போன ஒரு இடைவெளியில் டிக்கெட் அனுப்பி என்னை வரவழைத்தாள். போன மூன்றாம் நாளே, "சாயங்காலம் டீ நாக்டன் போவோமா?" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். மூணு நாளாக நல்ல டீ குடிக்காத ஏக்கம்! குறுக்குச்சந்து மூலையில் நீல நிறத்தில் ஒரு பழைய கட்டிடம். கதவைத் திறந்தால்... வரிசையாகப் பாட்டில்கள்!

"என்னக்கா, டீக்கடைன்னு சொல்லிட்டு இங்கே கூட்டிட்டு வந்திருக்கே?"

"ஏலே, ஐரிஷ் பாஷையில 'டீ'ன்னா வீடு. நாக்டன் குடும்பத்தோட வீடு. வாயை மூடிட்டு உள்ளே வா."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்காவுக்குப் புரிந்தது. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். குடிக்கவா கூப்பிட்டேன்? பார்க்கத்தானே கூப்பிட்டேன்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அப்படித்தான் படி ஏறினேன்.

பொது வீடு

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். அதாவது பொது வீடு. இந்தப் பெயரைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. இங்கிலாந்தில் பப்புகளுக்குச் சிங்கம், மணிமகுடம் என்று பெயர் வைப்பார்கள். அயர்லாந்தில் பெரும்பாலும் வாசலுக்கு மேலே ஒரு குடும்பத்தின் பெயர்தான் இருக்கும். நாங்கள் போன நாக்டன் வீடு 1894-லிருந்து நடக்கிறது.

கிராமங்களில் இந்தப் 'பொது வீடு' பல வேலை செய்திருக்கிறது. ஒரு பக்கம் மளிகை, மறுபக்கம் மது. டிங்கிள் என்ற ஊரில் 'ஃபாக்ஸி ஜான்ஸ்' என்று ஒரு பப். ஒரு கவுண்டரில் ஆணி, ஸ்குரூ, சுத்தியல். எதிர்க் கவுண்டரில் பைண்ட். அதே ஊரில் 'டிக் மேக்ஸ்' என்ற பப்பில் ஒரு பக்கம் தோல் வேலை நடந்தது. டிப்பரரி மாவட்டத்தில் ஃபெதர்ட் என்ற ஊரில் மெக்கார்த்தி குடும்பத்தின் பப், இறுதிச் சடங்கு ஏற்பாடும் செய்து கொடுக்கும்! பசிக்கும் அங்கேதான், துக்கத்துக்கும் அங்கேதான்.

பழமையைப் பற்றிச் சண்டையே உண்டு. டப்ளினில் 'பிரேசன் ஹெட்' என்ற பப், தன் ஆண்டு 1198 என்கிறது. டப்ளினிலிருந்து கால்வே போகும் ரயில் பாதையில் அத்லோன் என்ற ஊர். அங்கே ஷானன் ஆற்றங்கரையில், கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள 'ஷான்ஸ் பார்' அதையும் விஞ்சி, கி.பி. 900 என்கிறது. ஒருநாள் அக்கா டியூட்டிக்குப் போனதும் நானே ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். தரையில் மரத்தூள். நம்ம கார்ப்பென்டரி ஷாப் ஞாபகம் வந்துவிட்டது. 1970-ல் புதுப்பித்தபோது சுவருக்குள்ளே குச்சி முடைந்து மண் பூசிய பழைய சுவர் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு துண்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் மண் சுவரின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.

மரத்தடுப்பு போட்ட குட்டி அறை ஒன்று பழைய பப்புகளில் இருக்கும். 'ஸ்னக்' என்று பெயர். கவுண்டரைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாக வாங்கிக்கொள்ளலாம், வெளியே முகம் தெரியாது. ஒரு காலத்தில் பெண்கள் உட்கார்ந்த இடம் அதுதான். 1970-களில்கூடச் சில பப்புகளில் பெண்களுக்கு முழு பைண்ட் ஊற்ற மாட்டார்கள். பெண் என்பதற்காக மறுப்பது சட்டப்படி தவறு என்று ஆனது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 'பொது வீடு' என்று பெயர் வைத்தும் எல்லோருக்கும் பொதுவாக ஆவதற்கு இத்தனை காலம்!

உள்ளே போனால் நடந்துகொள்ளும் முறை

பயணியாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ரெக்கார்ட் நோட் மாதிரி எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று: நம்ம ஹோட்டல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, "என்ன இருக்கு?" என்று கேட்கக் காத்திருந்தால் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான். நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்து, எடுத்து வர வேண்டும். அங்கே க்யூ என்று ஒன்று கிடையாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் வந்தார் என்பது பார்க்காரருக்குத் துல்லியமாகத் தெரியும். விரல் சொடுக்குவதும் நோட்டை ஆட்டுவதும் மரியாதைக் குறைவு. கண்ணைப் பார்த்தால் போதும்.

இரண்டு: வயது. 18-க்குக் கீழே மது கிடையாது. 18 முதல் 20 வரை உள்ளவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பாரில் இருந்தால் வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும் என்று 2003-ல் சட்டம் போட்டார்கள். எனக்கு 19. ஹால் டிக்கெட் மாதிரிப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

மூன்று: 'கிராக்'. ஒரு பார்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ 'கிராக்' என்றார். எனக்குச் சுருக்கென்றது. பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாரோ! அக்கா சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள். அங்கே அந்தச் சொல்லுக்கு அரட்டை, கலகலப்பு, 'என்ன விசேஷம்' என்று அர்த்தமாம்.

நான்கு: 'ரவுண்டு'. இதுதான் ரொம்ப முக்கியம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருத்தர் எழுந்து நாலு பேருக்கும் வாங்குவார். அடுத்து இன்னொருவர். தன் முறை வரும்போது நழுவுகிறவனை அந்த ஊர் சுலபத்தில் மன்னிக்காது. நம்ம கேன்டீனில் பர்ஸை மறந்துவிட்டு வருகிற அந்த நண்பரைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கும். ஆனால் இதிலே ஒரு ஆபத்தும் உண்டு. நாலு பேர் என்றால் நாலு ரவுண்டு. ஒன்றோடு நிறுத்த நினைக்கிறவனும் நாலு குடிக்க வேண்டி வந்துவிடும். அதனால் முதலிலேயே, "நான் ரவுண்டில் இல்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் சொன்னேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்காக அக்கா கண்டுபிடித்தது சிவப்பு லெமனேட். நம்ம கலர் சோடாவுக்குச் சொந்தக்காரன். அயர்லாந்தைத் தாண்டினால் கிடைப்பது அபூர்வம். இன்றைக்கு ஆல்கஹால் நீக்கிய கின்னஸும் வந்துவிட்டது. பகலில் போனால் சூடான சூப்பும் பழுப்பு ரொட்டியும் கிடைக்கும்.

கறுப்புத் திரவத்தில் ஒரு லேப் வகுப்பு

குடிக்காதவன் என்ன செய்வான்? மற்றவன் கிளாஸை வேடிக்கை பார்ப்பான். நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்!

ஆர்தர் கின்னஸ் 1759-ல் டப்ளினில் ஒரு மது ஆலையை 9000 வருடக் குத்தகைக்கு, வருடம் 45 பவுண்டு என்று எடுத்தார். 9000 வருடம்! (நம்ம ஹாஸ்டல் மெஸ் கான்ட்ராக்ட் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) அந்தக் கறுப்பு பீரை ஊற்றுவதே ஒரு செய்முறை. கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் அளவு பிடிப்பார்கள். அப்படியே வைத்துவிடுவார்கள். நுரை மேலே, கறுப்பு கீழே என்று பிரிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். மொத்தம் 119.5 வினாடி என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. இது தெரியாமல் பாதியில் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வருகிற பயணிகளும் உண்டு.

மற்ற பீரில் கார்பன் டை ஆக்சைடு. இதில் நாலில் மூன்று பங்கு அளவுக்கு நைட்ரஜன் கலந்த வாயு. நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது. அதனால் குமிழ்கள் பொடிப்பொடியாக வந்து, பாலாடை மாதிரி நுரை நிற்கிறது. 1959-ல் இந்த முறையைக் கொண்டுவந்த மைக்கேல் ஆஷ் ஒரு கணிதக்காரர்.

இன்னொரு வேடிக்கை. கிளாஸ் ஓரமாகப் பார்த்தால் குமிழ்கள் மேலே போகாமல் கீழே இறங்கும்! லிமரிக் பல்கலைக்கழகக் கணித ஆய்வாளர்கள் 2012-ல் இதற்கு விளக்கம் சொன்னார்கள். கிளாஸ் மேலே அகலம், கீழே குறுகல். குமிழ்கள் நேர் மேலே போவதால் சரிவான சுவரை விட்டு விலகுகின்றன. சுவரோரம் குமிழ் குறைந்து திரவம் கனமாகி, கீழே இறங்குகிறது. இறங்கும்போது ஓரத்தில் உள்ள பொடிக் குமிழ்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் எல்லாம் மேலேதான் போகிறது, நம் கண்ணுக்குத் தெரிவது ஓரம் மட்டும்தான்.

புள்ளியியலில் வருகிற 'ஸ்டூடன்ட் டி-சோதனை' உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். யார் அந்த ஸ்டூடன்ட்? கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். சொந்தப் பெயரில் வெளியிட முடியாத நிலையில், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். கின்னஸ் சாதனைப் புத்தகமும் இந்தக் குடும்பம்தான். 1951-ல் கம்பெனி நிர்வாகி ஹியூ பீவர் வெக்ஸ்ஃபோர்டு பக்கம் வேட்டைக்குப் போனபோது, வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று விவாதம் வந்தது. பதில் சொல்லப் புத்தகம் இல்லை. பப்புகளில் ராத்திரி ராத்திரி நடக்கும் இந்த மாதிரி வாக்குவாதத்தைத் தீர்க்க ஒரு புத்தகம் போடலாமே என்று தோன்றியது. 1955-ல் முதல் பதிப்பு வந்தது.

செஷன்

மூன்றாவது வாரம் அக்காவுக்கு இரண்டு நாள் லீவு. கிளேர் மாவட்டத்தில் கடலோரமாக டூலின் என்ற ஊருக்கு பஸ்ஸில் போனோம். சின்ன ஊர், ஆனால் இசைக்குப் பேர் போனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மில்டவுன் மால்பே என்ற ஊரில், வில்லி கிளான்சி என்ற கலைஞரின் நினைவாக 1973-லிருந்து கோடை இசைப்பள்ளி நடக்கிறது.

சாயங்காலம் ஒரு பப்பில் மூலை மேஜையைச் சுற்றி ஆறேழு பேர். ஃபிடில், புல்லாங்குழல், ஆட்டுத்தோல் போர்த்திய 'பௌரான்' என்ற கைமேளம். 'இல்லன் பைப்ஸ்' என்று ஒரு கருவி. 'இல்லன்' என்றால் முழங்கை. வாயால் ஊதுவதில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி, அதை அமுக்கி அமுக்கிக் காற்று ஏற்றுகிறார்கள். நம்ம ஸ்மித்தி ஷாப் துருத்தியைப் பாட வைத்த மாதிரி! 2017-ல் யுனெஸ்கோ இதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மேடை இல்லை, மைக் இல்லை. நம்மைப் பார்த்து வாசிப்பதும் இல்லை. வட்டமாக உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வாசிக்கிறார்கள். இதற்குத்தான் 'செஷன்' என்று பேர். கச்சேரி இல்லை, கூடிப் பேசுகிற மாதிரி. ஆகவே அந்த மேஜையில் காலியாக நாற்காலி இருந்தாலும் போய் உட்காரக்கூடாது. அது வரப்போகிற வாசிப்பாளருக்கு. நடுவில் சினிமாப் பாட்டு மாதிரி 'நேயர் விருப்பம்' கேட்கக்கூடாது. யாராவது எழுந்து பக்க வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால், மொத்தப் பப்பும் அமைதியாகிவிடும். பார்க்காரர்கூட கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிடுவார். அப்போது நாம் பேசினால், எக்ஸாம் ஹாலில் ரேடியோ போட்ட மாதிரி.

டப்ளினில் மெரியன் ரோவில் உள்ள 'ஓ'டொனகூஸ்' பப்பில் இப்படி வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான் 1962-ல் 'டப்ளினர்ஸ்' என்ற புகழ்பெற்ற குழுவானார்கள். ஸ்மித்ஃபீல்டில் உள்ள 'காபிள்ஸ்டோன்' பப்பைச் சுற்றி ஹோட்டல் கட்ட 2021-ல் திட்டம் வந்தபோது ஜனங்கள் இசைக்கருவிகளோடு தெருவில் இறங்கினார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்துவிட்டது.

சட்டையில் ஒரு சின்ன ஊசி

அன்றைக்கு இடமில்லாமல் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுபது எழுபத்தைந்து வயது இருக்கும். முன்னால் ஒரு கெண்டி டீ. ஆமாம், நிஜமான டீ! என் சிவப்பு லெமனேடைப் பார்த்தார். தன் கோட்டுக் காலரைத் தொட்டுக் காட்டினார். இதயப் படம் போட்ட ஒரு சின்ன ஊசி.

அயர்லாந்துக்கும் குடிக்கும் உள்ள சண்டை பழையது. கார்க் நகரத்தில் பாதிரியார் தியோபால்ட் மாத்யூ 1838-ல் மதுவிலக்கு இயக்கம் தொடங்கியபோது லட்சக்கணக்கானவர்கள் சத்தியம் செய்தார்கள். 1898-ல் டப்ளினில் பாதிரியார் ஜேம்ஸ் கல்லன் 'பயனியர்' சங்கத்தைத் தொடங்கினார். ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களின் அடையாளம்தான் அந்த ஊசி. பள்ளிக்கூட வயதில், உறுதிபூசுதல் என்ற கோயில் சடங்கின்போது, 18 வயது வரை தொடமாட்டேன் என்று பிள்ளைகளைச் சத்தியம் செய்யச் சொல்வதும் அங்கே வழக்கம்.

பெரியவர் பன்னிரண்டு வயதில் செய்த சத்தியம். பிறகு விடவே இல்லையாம்.

"அப்புறம் ஏன் ஐயா பப்புக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இங்கேதானே இருக்கிறார்கள்? வேறே எங்கே போவேன்?" என்றார்.

பிறகு அவராகவே பேசினார். முன்பு மாதிரி இல்லையாம். 2004 மார்ச் 29-ல் பப்புக்குள் புகை பிடிக்கத் தடை வந்தது. நாடு முழுக்க அப்படித் தடை போட்டதில் அயர்லாந்துதான் உலகத்திலேயே முதல். அதை அவர் பாராட்டினார். 2011-ல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கான ஆல்கஹால் அளவை 100 மி.லி. ரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். அதுவும் சரிதான் என்றார். ஆனால் பஸ் இல்லாத கிராமத்தில் தனியாக இருக்கும் கிழவர்கள் இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து குடிக்கிறார்கள். பார்க்க ஆள் இல்லை. 2005-லிருந்து நாட்டில் 2000 பப்புகளுக்கு மேல் மூடிவிட்டார்கள். அவர் ஊர்ப்பக்கமும் மூன்று போய்விட்டதாம். "பப்பில் குடித்தால் போதும் என்று சொல்ல ஒருத்தன் இருப்பான். வீட்டில் யார் சொல்வார்?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று அப்பா ஞாபகம். எங்கள் தெருமுனைக் கடையில் உட்கார நாற்காலி கிடையாது. பேச நேரம் கிடையாது. வாங்கு, ஊற்று, போ. அப்பாவை அங்கே யாருக்கும் பேர் சொல்லிக்கூடத் தெரியாது. பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கப் வரவழைத்து, தன் கெண்டியிலிருந்து எனக்கு டீ ஊற்றினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே உணர்ச்சிவசப்பட்டு, "அக்கா, நம்ம ஊர்லேயும் இப்படி ஒரு இடம் இருந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரோ?" என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ இருபது நாளா பப்பைப் பார்த்தே. நான் அஞ்சு வருஷமா வார்டைப் பார்க்கிறேன். அதே மஞ்சக் கண்ணு, அதே வீங்கின வயிறு. வாசல்ல அதே மாதிரி ஒரு அம்மா உட்கார்ந்திருப்பா. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஈரலுக்குப் பாட்டு கேட்காதுல."

உண்மைதான். சும்மாவா அந்த நாடு 2022 ஜனவரியில், ஒரு கிராம் ஆல்கஹாலுக்குக் குறைந்தது 10 சென்ட் என்று விலைக்கு அடிமட்டம் கட்டியது? மலிவாக வாங்கி வீட்டில் குவிப்பதைக் குறைக்கத்தான். 1927-லிருந்து புனித வெள்ளியன்று பப்புகளை மூடி வைத்திருந்ததும் (2018-ல்தான் அந்தத் தடை நீங்கியது) அதே நாடுதான். பெருமையும் பயமும் சேர்ந்தே இருக்கிறது அவர்களுக்கு.

ஆகவே நண்பர்களே, நாளைக்கு நீங்களும் வேலைக்கோ படிப்புக்கோ அந்தப் பக்கம் போக நேர்ந்தால், பப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மயங்கவும் வேண்டாம். உள்ளே போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கையில் என்ன கிளாஸ் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "படியை மிதிச்சுட்டேம்மா. ஒண்ணும் குடிக்கல" என்றேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டாள்: "அந்த டீ ஊத்தின பெரியவரு... ராத்திரி வீட்டுக்கு ஒத்தையிலயா போனாரு?"

"இல்லம்மா. ஃபிடில் வாசிச்சவர் வண்டியில கூட்டிட்டுப் போனாரு."

"சரி" என்றாள். கீரையை ஆயத் தொடங்கினாள்.

ஆறாவது செமஸ்டரில் அனைவரும் ஆல் கிளியர் செய்ய வாழ்த்துகள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை